கட்டி என்று சொன்னேன்

என் மூத்த மகள் இதயக் கோளாறோடு பிறந்தவள். நான்கு வயதில் சென்னையில் அவளுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்தது. இருபத்து மூன்று வயதில், ஏழு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நாள் வரைக்கும் இந்த இரண்டும் அவளுக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். அவள் அம்மாவையும் வாய் திறக்க விடவில்லை. பணிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், விவரம் தெரியாத மனுஷன், பயந்துவிட்டார் என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லிவிடக் கூடாது.

1996 ஜூனில் பிறந்தாள். பிறந்தபோது நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்கைந்து மாதம் போனபின்தான், காலையில் எழுந்து வீறிட்டு அழும்போது உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிப்பதை என் மனைவி கவனித்தாள். நடக்க ஆரம்பித்த பிறகு இன்னொன்று. முற்றத்தில் நாலு எட்டு ஓடுவாள், சட்டென்று அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். மூச்சு இரைக்கும். கொஞ்ச நேரத்தில் இரைப்பு தணியும், எழுந்து மறுபடியும் ஓடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தைச் சேட்டை என்று நானும் நினைத்தேன்.

அது சேட்டை இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம். அவளுக்கு இருந்த கோளாறின் பெயர் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’. பிரான்சின் மார்செய் நகரத்தில் இருந்த ஃபாலோ என்ற மருத்துவர் 1888-இல் அதைத் தெளிவாக விவரித்தார். நான்கு கோளாறுகள் சேர்ந்து வருவது. கீழே உள்ள இரண்டு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுச்சுவரில் ஒரு பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வாய் குறுகியிருக்கும். இடப்பக்கம் மட்டும் இருக்க வேண்டிய மகாதமனி நகர்ந்து அந்த ஓட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். குறுகிய வாய் வழியே தள்ளித் தள்ளி வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்துப்போகும். நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் ஓட்டை வழியாக மகாதமனிக்குள் ஏறி, ஆக்சிஜன் இல்லாமலே உடம்பெல்லாம் சுற்றும். அதுதான் நீலம். குத்துக்காலிட்டால் தொடை ரத்தக்குழாய்கள் மடிந்து, உடம்புக்குப் போகும் பாதையில் எதிர்ப்பு கூடும். அப்போது ரத்தம் நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இந்த விஷயம் அவளைப் பெற்ற அறிவியல் ஆசிரியனுக்குத் தெரியவில்லை.

தெரியாததை நான் குற்றமாக எழுதவில்லை. தெரிந்த பிறகு செய்தவைதான் குற்றம்.

முதல் குற்றம் என் மனைவிக்குச் செய்தது. 1995 அக்டோபர் 24 காலையில் சூரிய கிரகணம். வடக்கே முழுக் கிரகணம், எங்கள் பக்கம் பாதி. தீபாவளியை ஒட்டி வந்த நாள் என்பதால் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அப்போது அவள் கருவுற்று ஒன்றிரண்டு மாதம். கோலப்பொடிக் கிண்ணத்தை எடுக்க வாசலுக்குப் போய் வந்தாள். அவ்வளவுதான். எக்கோ பார்த்து டாக்டர் கோளாறின் பெயரைச் சொன்ன அன்று ராத்திரி என் அம்மா, “கிரகணத்துல வெளிய போனா, பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டை விழுந்திருச்சு” என்றார். அன்று ஆரம்பித்தது, அவர் கண் மூடும் வரைக்கும் ஓயவில்லை. கருவில் இதயம் மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் உருவாகிறது, நேராக ஓடும் ஒரு குழாய் வளைந்து மடங்கிச் சுவர் எழும்பி நான்கு அறையாகிறது, அந்தச் சிக்கலான வேலையில் எங்கோ பிசகினால் இப்படி ஆகும், நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஒரு இதயக் கோளாறு இருக்கிறது, பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை, வானத்தில் நிலா எங்கே நின்றது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்வேன். வீட்டில் சொல்லவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன். என் மனைவி அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டே பிள்ளையை வளர்த்தாள்.

2000-இல் அறுவை சிகிச்சை. அப்போது அரசுக் காப்பீட்டுத் திட்டம் கிடையாது, கலைஞர் காப்பீடு 2009-இல்தான் வந்தது. பி.எஃப். முன்பணம், மனைவியின் நகை, மைத்துனர் தந்த கடன் எல்லாம் சேர்த்துப் புரட்டினோம். நடுநெஞ்செலும்பை அறுத்து, ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பி, இதயத்தை நிறுத்தி, ஓட்டையின் மேல் ஒட்டு வைத்துத் தைத்து, குறுகிய வாயை வெட்டி அகலப்படுத்தி, மறுபடி துடிக்கவிட்டார்கள். வெளியே கொண்டுவந்தபோது அவள் நகக்கண்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருந்தன. நீலம் பாரிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த விரல்களில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். “நல்லா ஆயிருச்சு சார். ஆனா இதோட முடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ எக்கோ பார்க்கணும். பெரியவளானாலும் பார்க்கணும். பல் பிடுங்கினாக்கூட ஹார்ட் ஆபரேஷன் ஆனவன்னு முதல்லயே சொல்லணும், ரத்தத்துல கிருமி இறங்கி ஹார்ட்ல போய் உட்கார்ந்துக்கும். கல்யாணம், பிரசவம்னு வரும்போது எங்ககிட்ட காட்டாம எதுவும் செய்யாதீங்க.” தலையாட்டினேன். ஒரு நீல நிற ஃபைல் தந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எக்கோ படம், கதீட்டர் பரிசோதனை அறிக்கை, எக்ஸ்ரே.

ஆரம்பத்தில் மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். நன்றாக இருக்கிறாள் என்றார்கள். பிறகு நிறுத்திவிட்டேன். பணம் இல்லை என்பது ஒரு காரணம்தான், பெரிய காரணம் இல்லை. சென்னைக்கு ரயில் ஏறும்போதெல்லாம் அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. மறக்க விரும்பினேன். பிள்ளை ஓடுகிறாள், சாப்பிடுகிறாள், நீலம் பாரிப்பதில்லை, இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எங்களைத் தெரியாத ஊர். அங்கே போனதும், நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடும் தழும்பைப் பற்றி முதலில் கேட்டவர்களிடம், “சின்ன வயசுல ஒரு கட்டி, எடுத்தாச்சு” என்றேன். அந்தப் பொய் நாக்குக்கு எளிதாக இருந்தது. கொஞ்ச நாளில் அவளிடமும் அதையே சொன்னேன். மாஸ்க் போட்ட ஆட்களும் ஒரு சிவப்பு பலூனும் அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தன. கட்டி எடுத்த கதைக்குள் அவையும் பொருந்திப் போயின.

பிறகு பொய்யைக் காப்பாற்றுவதே வேலையாகிவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் அவளைச் சேர்க்க வேண்டாம் என்று விளையாட்டு ஆசிரியரிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன், காரணம் சொல்லவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது பல் டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. என் மனைவி அவளுக்குக் கழுத்து ஏற்றித் தைத்த சட்டைகளையே போட்டுவிட்டாள். பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளின் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும், சுற்றறிக்கை என் கைக்குத்தான் வரும். அந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருத்திவிடுவேன்.

அப்படி ஒரு முறை குழு வந்தபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இதயத்தில் சத்தம் கேட்கிறது என்றார்கள். மேல் அறைகளின் நடுச்சுவரில் ஓட்டை. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். பயந்துபோய், யாருக்கும் தெரிய வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம் என்றார். நான் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். அரசுக் காப்பீட்டில் செலவில்லாமல் செய்வார்கள், இந்த வயதில் அடைத்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் மாதிரி இருப்பான், விட்டால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போய்ப் பிறகு சரிசெய்ய முடியாத நிலையும் வரலாம் என்று எடுத்துச் சொன்னேன். “இதெல்லாம் மறைக்கிற சமாச்சாரமாம்மா?” என்று கேட்டேன். அந்தத் தாய் நான் சொன்னதைக் கேட்டு மகனைக் கூட்டிப் போனார். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுவான். அந்தக் கும்பிடு எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று அவனிடம் இதுவரை சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

என் மகள் என் வகுப்பிலேயே படித்த ஒரு வருடம் உண்டு. இதயப் பாடம் வந்தது. வருடா வருடம் வரைகிற படம். நீல சாக்பீஸில் வலப்பக்கம், சிவப்பு சாக்பீஸில் இடப்பக்கம், நடுவில் வெள்ளையில் தடிமனாக ஒரு சுவர். “இந்தச் சுவர் எதுக்கு? நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடாமல் இருக்க” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். இரண்டாவது பெஞ்சில் அவள் ஸ்கேல் வைத்துப் பாகங்களுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நோட்டைத் திருத்தினேன். இருந்ததிலேயே அவள் படம்தான் சுத்தமாக இருந்தது. நடுச்சுவரில் பிசிறில்லை. நுரையீரல் தமனியின் வாயில் வால்வை மூன்று இதழாக வரைந்து நிழல்கூடக் கொடுத்திருந்தாள். அவள் நெஞ்சுக்குள் அந்தச் சுவரில் ஒட்டு இருக்கிறது, அந்த வால்வு இல்லவே இல்லை. பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்திட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதுப் பெண், புத்திசாலி, படத்தை வைத்தே விளக்கியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்திருக்காது.

2018-இல் கல்யாணம். இவளுக்குப் பின்னால் இன்னொரு மகள் இருக்கிறாள். மூத்தவளுக்கு இதயக் கோளாறு என்று ஊரில் தெரிந்தால், அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது என்று இளையவளையும் ஒதுக்குவார்கள் என்பது என் கணக்கு. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த நீல ஃபைலை எடுத்தேன். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். எக்ஸ்ரே ஃபிலிம் லேசில் எரியவில்லை, சுருண்டு உருகிக் கருகல் நாற்றம் அடித்தது. மிச்சத்தைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் கலந்தேன். போடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை வாசித்தேன். ‘டிரான்ஸ்ஆனுலர் பேட்ச்’ என்று ஓர் இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பதினெட்டு வருடத்தில் யாரிடமும் நான் கேட்டதில்லை. என் மனைவி வாசலில் நின்று, “மாப்பிள்ளைகிட்ட மட்டுமாவது சொல்லிருவோம்” என்றாள். “வாய மூடிட்டு இரு” என்றேன். அந்தக் குரலில் நான் அவளிடம் அதற்கு முன் பேசியதில்லை.

மறு வருடம் உண்டானாள். ஆறாம் மாதத்திலிருந்து மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எல்லாரும் தெரியாமல் சொன்னார்கள். கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், முப்பது வாரத்தைத் தாண்டும்போது உச்சத்துக்குப் போகும், நல்ல இதயமே அதற்கு முக்கித்தான் ஈடுகொடுக்கும். ஏழாம் மாதம் ஒரு மதியம் படபடப்பு வந்து கண் இருட்டிச் சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈ.சி.ஜி. எடுக்க மேல்துணியை விலக்கிய இளம் டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார். ஈ.சி.ஜி.யும் சரியில்லை. இவளிடம் கேட்டிருக்கிறார், கட்டி என்றிருக்கிறாள். “கட்டிக்கு இப்படி நடு எலும்ப அறுக்க மாட்டாங்களே” என்று சொல்லி, அவளிடமே என் நம்பரை வாங்கி எனக்குப் போன் போட்டார்.

“சார், உங்க பொண்ணுக்குச் சின்ன வயசுல என்ன ஆபரேஷன் நடந்தது?”

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது, சம்பந்தியம்மா குரலும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

“ஒரு கட்டி டாக்டர். அத எடுத்தாங்க” என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றதற்கெல்லாம் பயம், பாசம், சமூகம் என்று ஏதாவது ஒரு பெயர் வைக்கலாம். அந்த நேரத்தில் என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், வயிற்றில் பிள்ளை இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன மருந்து, என்ன செய்யக்கூடாது என்று அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். நான் சம்பந்தி வீட்டார் காதில் விழுமே என்று பார்த்தேன்.

கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எக்கோ பார்த்துவிட்டார்கள். அந்தக் கருவி என்னை மாதிரி மறைக்காது. நடுச்சுவரில் ஒட்டு, விரிந்துபோன வலது வெண்ட்ரிக்கிள், வாயில் வால்வு இல்லாமல் ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் பாதிக்குப் பக்கம் திரும்பி விழுவது, எல்லாம் திரையில் இருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “ஃபைல் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். எங்கே என்றார். எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அப்போது அறையில் எல்லாரும் இருந்தார்கள்.

அந்த ஃபைலில் என்ன இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் நான் கற்றேன். நுரையீரல் வாயை அகலப்படுத்தும்போது, வால்வின் வளையத்தையே குறுக்கே வெட்டி ஒட்டு வைப்பதைத்தான் டிரான்ஸ்ஆனுலர் பேட்ச் என்கிறார்கள். வாய் ரொம்பக் குறுகிய குழந்தைக்கு உயிர் பிழைக்க அதைச் செய்தே ஆக வேண்டும், அதில் வால்வு போய்விடும். சிறு வயதில் உடம்பு அந்தக் கசிவைப் பொறுத்துக்கொள்ளும். இருபது முப்பது வருடத்தில் வலது வெண்ட்ரிக்கிள் விரிந்து தளரும், துடிப்பு தாறுமாறாகும், சிலருக்குத் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் வருடா வருடம் வரச் சொன்னார்கள். அளவு எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே, கர்ப்பத்துக்கு முன்பே, ஒரு வால்வு வைத்திருக்கலாம். ஃபாலோ கோளாறு உள்ள சிலருக்கு இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரிக் குழாய் ஒன்று அந்த வாய்க்குக் குறுக்கே ஓடும். மறுபடி அங்கே கத்தி வைக்கும் சர்ஜனுக்கு அது இருக்கிறதா இல்லையா என்று முன்பே தெரிய வேண்டும். ஆபரேஷன் குறிப்பில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார் மாப்பிள்ளை, அவ்வளவு பழைய ரெக்கார்டு அங்கே இல்லை. இருந்த ஒரே பிரதி எங்கள் வீட்டு அடுப்புக்குள் போய்விட்டது.

இதய டாக்டர், மயக்க டாக்டர், பிரசவ டாக்டர் மூவரும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கருவிலிருந்த குழந்தையின் இதயத்துக்கும் எக்கோ பார்த்தார்கள். இந்தப் பரிசோதனையை ஐந்தாம் மாதத்திலேயே செய்திருக்க வேண்டும், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்றார்கள். அந்த அரை மணி நேரம் என் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மருந்து, ஓய்வு, கண்காணிப்பு என்று வாரங்களைத் தள்ளி, 37 வாரத்தில் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. சுகமாக இருக்கிறாள்.

2021-இல் வால்வு வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து வலது வெண்ட்ரிக்கிளின் கொள்ளளவைக் கணக்கிட்டார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 150, 160 மில்லிலிட்டர் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள், அவளுக்கு அதைத் தாண்டியிருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக நெஞ்சைத் திறக்காமலே வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறை இப்போது இருக்கிறது. பாரிசில் பான்ஹோஃபர் என்ற மருத்துவர் 2000-இல் முதன்முதலாகச் செய்து காட்டியது, அதாவது என் மகளுக்கு முதல் ஆபரேஷன் நடந்த அதே வருடம். இவளுக்கு அந்த இடம் ரொம்ப விரிந்துவிட்டது, வால்வு நிற்காது என்றார்கள். சில வருடம் முன்னால் வந்திருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். பழைய தழும்பின் மேலேயே மறுபடியும் அறுத்தார்கள்.

அந்த நாட்களில் இந்தச் சிகிச்சை எப்படி வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லஹை என்ற சர்ஜன், இயந்திரத்தை நம்ப முடியாத அந்தக் காலத்தில், குழந்தையின் ரத்தக்குழாயை அதன் தந்தையின் ரத்தக்குழாயோடு இணைத்து ஆபரேஷன் செய்தார். பக்கத்து மேசையில் தந்தை படுத்திருப்பார், அவர் இதயமும் நுரையீரலும் இரண்டு உடம்புக்கும் வேலை செய்யும். மார்ச் 26-ஆம் தேதி அப்படி முதலில் ஓட்டை அடைக்கப்பட்ட பதின்மூன்று மாதக் குழந்தை பதினோராம் நாள் நிமோனியாவில் இறந்துபோனது. அதற்குப் பிறகும் அடுத்தடுத்த பெற்றோர் படுத்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில், என் மகளுக்கு இருந்த இதே கோளாறு உலகத்தில் முதல் தடவையாக ஒரு பையனுக்கு உள்ளே திறந்து சரிசெய்யப்பட்டது. அந்தப் பையனுக்கு வீட்டில் யார் ரத்தமும் சேரவில்லை, உறவே இல்லாத ஒரு தொழிலாளி வந்து படுத்துத் தன் ரத்த ஓட்டத்தைக் கொடுத்தார். இரண்டு உயிரும் ஒரே நேரத்தில் போகக்கூடிய வேலை என்று மற்ற டாக்டர்கள் எச்சரித்திருந்தார்கள். ஐ.சி.யூ.வுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்தேன். என்னிடம் யாரும் ரத்த ஓட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு ஃபைலைப் பத்திரமாக வைத்திருக்கவும் வருடத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறவும்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து அவள் என்னிடம் கேட்டாள். “அவங்க வீட்ல மறைச்சீங்க, ஏதோ கல்யாணம் நின்னுரும்னு பயம். என்கிட்ட ஏம்ப்பா மறைச்சீங்க?” உன் நல்லதுக்கு என்று ஆரம்பித்தேன். “என் நல்லதுக்கா?” என்றாள். நிறுத்திக்கொண்டேன். அவள் நல்லதுக்கு இல்லை. நோயாளிப் பெண்ணின் அப்பா என்று என்னை யாரும் பார்ப்பதை நான் விரும்பவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவள் கண்ணிலும் நான் அப்படித்தானே தெரிவேன். அவள் தழும்பு எனக்கு அவமானமாக இருந்தது. இதை அவளிடம் இந்தச் சொற்களிலேயே சொன்னேன். அழவில்லை, கோபப்படவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னோடு பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். முன்பு போல இல்லை. சம்பந்தி என்னை இப்போதும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் மனைவியிடம் கிரகணப் பழிக்கும் அன்றைய அதட்டலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். “இப்ப கேட்டு என்ன” என்றாள். அதுவும் நியாயம்தான்.

இளையவளுக்கு வரன் பார்க்கிறோம். அக்காவுக்குப் பிறவி இதயக் கோளாறு, இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இவளுக்கு எக்கோ பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று முதல் பேச்சிலேயே நான் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி விலகிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வீட்டார், எந்த ஆஸ்பத்திரி, என்ன வால்வு, இப்போது எப்படி இருக்கிறாள் என்று உட்கார்ந்து விசாரித்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

மூத்தவளுக்கு வைத்திருப்பது மாட்டுத் திசுவில் செய்த வால்வு. பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். அப்போது மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, பழைய வால்வுக்குள்ளேயே புதியதைத் தொடை வழியாகக் கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்கிறார்கள். அதற்கு இப்போது இருக்கும் வால்வின் அளவு தெரிய வேண்டும். புது ஃபைல் அவளிடம் இருக்கிறது, ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து மாப்பிள்ளையின் போனிலும் தங்கையின் போனிலும் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அனுப்பவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அளவை மட்டும் சொன்னாள், நான் கேட்காமலே. 25 மில்லிமீட்டர்.